ஜெயபாலன் கையெழுத்துப் போடாத கதவு

ஜெயபாலன் என்னோடு ஏழு மாதம் பேசாமல் இருந்திருக்கிறான். காரணம் ஒரு கிளாஸ் தே ஓ, பால் இல்லாத தேத்தண்ணி. சீனி வேண்டாம் என்று கேட்டிருந்தான், நான் ஏதோ ஞாபகத்தில் சீனி போட்டுக் கொடுத்துவிட்டேன். அவன் அதைத் திருப்பி அனுப்பவில்லை, சத்தம் போடவுமில்லை. முழுவதையும் குடித்தான், எழுந்து போனான். மறுநாள் காலை வழக்கம்போல் வந்து, வழக்கமான மேசையில் உட்கார்ந்து, சுவரில் ஒட்டியிருந்த ரொட்டி சானாய் படத்தை விரலால் காட்டினான். ஏழு மாதமும் விரல்தான். கடையை மாற்றவும் மாட்டான், வாயைத் திறக்கவும் மாட்டான். எட்டாவது மாதம் ஒரு நாள், "பாய், இன்னிக்கு குழம்புல உப்பு கம்மி," என்றான். அதுதான் சமாதானம் என்று நானாகப் புரிந்துகொண்டேன்.

நான் சர்புதீன். கூலாயில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். என் வாப்பா காலத்திலிருந்து இருக்கும் கடை. வருகிறவர்களோடு பேசாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்ட என்னிடம் ஏழு மாதம் விரலைக் காட்டியவனை நான் ஏன் சிநேகிதனாக வைத்திருக்கிறேன் என்று என் மனைவி ஜெய்னம்பு கேட்பாள். எனக்கும் தெரியாது. மனிதன் நல்லவன், அவ்வளவுதான். கோபம் வந்தால் சிலர் தட்டை எறிவார்கள், சிலர் கத்துவார்கள். இவன் வாயைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொள்வான். எப்போது திறப்பான் என்பது அவனுக்கே தெரியாது.

பக்கத்து ஊர் செனாயில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் மெஷின் பழுது பார்த்தான். அந்த இரைச்சலில் காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது. ரிட்டயர் ஆகி இரண்டு வருடம். அவன் மனைவி வெள்ளையம்மா இறந்து போய் மூன்று வருடம். ஒரே மகள் லோஷினி சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். எல்லைப் பாலத்தைத் தாண்டினால் ஒரு மணி நேரம், நெரிசல் இருந்தால் மூன்று மணி நேரம். ஆனால் இவன் வைத்திருந்த தூரம் அதைவிட அதிகம். போன தீபாவளிக்கு வந்தவள், "அந்தப் பழைய காரை வித்துட்டு என்னோட வந்து இருங்கப்பா," என்று சொல்லியிருக்கிறாள். என்னோடு வந்து இருங்கள் என்பது இவன் காதில் விழவில்லை. பழைய கார் என்பது மட்டும் விழுந்தது. அன்றைக்குப் பூட்டியவன்தான். ஐந்து மாதம் ஆகியிருந்தது. அவள் ஞாயிற்றுக்கிழமைதோறும் வாட்ஸ்அப்பில், "சாப்டீங்களாப்பா?" என்று கேட்பாள். இவன் திறந்து படிப்பான். என்னிடமும் காட்டுவான். பதில் மட்டும் போட மாட்டான்.

"ஒரு வார்த்தை போடுய்யா. சாப்பிட்டேன்னு போடு. என் கடையிலதானே சாப்பிட்ட, எனக்காவது பெருமையா இருக்கும்," என்பேன்.

"அவளுக்குத் தெரியும் பாய்," என்பான்.

என்ன தெரியும் என்று நான் கேட்டதில்லை. மூன்று வேளையும் என் கடையில் வந்து உட்காருகிறவனுக்கு வீட்டில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். டிவி. யாரும் பார்க்காவிட்டாலும் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு தடவை போனபோது அதில் சீன நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. இவனுக்கு ஒரு சீன வார்த்தை தெரியாது. "சத்தத்துக்குப் போட்டு வச்சிருக்கேன்," என்றான். கிண்டல் பண்ணி மழுப்பிவிட்டு வந்தேன்.

அந்தக் கார் புரோட்டோன் சாகா. வெள்ளி நிறம். இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் புதிதாக வாங்கி, கோயில் வாசலில் எலுமிச்சம்பழத்தை நசுக்கி ஓட்டிக்கொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைக் கழுவுவான். ஸ்பஞ்சில் மணல் ஒட்டியிருந்தால் கீறல் விழுமாம், அதனால் வெறும் கையில் சோப்பு நுரையைத் தடவி, கதவு கதவாகத் தேய்ப்பான். "பன்னெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு பாய், ஒரு கீறல் காட்டு பார்ப்போம்," என்பான். அவன் பெருமையாகச் சொல்லிக்கொண்ட விஷயம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, மார்க்கெட் பக்கத்துச் சந்திலிருந்து வந்த ஒரு சீனப் பெண் பிரேக்கை விட்டுவிட்டு இவன் காரின் இடது முன்கதவில் முட்டிவிட்டாள். மெதுவாகத்தான் முட்டினாள். ஆளுக்கு ஒன்றுமில்லை. கதவில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பள்ளம், அதிலிருந்து கைப்பிடி வரை ஒரு கோடு. அந்தப் பெண் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டாளாம். போலீசுக்குப் போகுமுன்பே இழுவை லாரிக்காரர்கள் மூன்று பேர் வந்து, எங்கள் கடைக்கு வாருங்கள் என்று ஆளுக்கு ஒரு அட்டையை இவன் சட்டைப் பையில் செருகிவிட்டார்கள். ஜெயபாலன் யாரோடும் பேசவில்லை. நேராகப் போய் போலீஸ் ரிப்போர்ட் எழுதிவிட்டு என் கடைக்கு வந்தான். மூன்று அட்டைகளையும் மேசையில் வைத்தான்.

"எந்தக் கடையில விடலாம் பாய்?"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காரைப் பற்றி அல்ல, அவன் என்னிடம் ஒரு யோசனை கேட்டதைப் பற்றி. கல்லாவை ஜெய்னம்புவிடம் ஒப்படைத்துவிட்டு அவனோடு கிளம்பினேன்.

முதலில் இன்சூரன்ஸ் கம்பெனி சொன்ன பெரிய ஒர்க்ஷாப். ஏர்கான் போட்ட அறை, காபி மெஷின், கண்ணாடிச் சுவர். ஒரு இளைஞன் வந்து காரைச் சுற்றிப் படம் எடுத்தான். பள்ளத்தின் ஓரத்தில் பெயின்ட் தெறித்திருந்த இடத்தை விரலால் சுரண்டினான். பிறகு ஒரு ஃபாரத்தைக் கொண்டு வந்து நீட்டினான்.

"அங்கிள், இந்தக் கதவு முன்னாடியே ஒரு தடவை ரிப்பேர் ஆகியிருக்கு. உள்ளே பழைய பட்டி இருக்கு. இன்சூரன்ஸ் ஆள் வந்தா கேட்பாரு. பழைய அடி இருந்துச்சுன்னு இதுல ஒரு சைன் போட்டுடுங்க, மத்ததை நாங்க பார்த்துக்கிறோம்."

பட்டி என்பது வேறொன்றுமில்லை. தகட்டில் விழுந்த பள்ளத்தை ஒரு பசையால் நிரப்பி, காய்ந்ததும் தேய்த்து, மேலே பெயின்ட் அடித்துவிடுவார்கள்.

"இந்தக் காரை யாரும் தொட்டதில்ல," என்றான் ஜெயபாலன்.

"தெரியுது அங்கிள், ஆனா..."

"பொய்க்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அதோடு வாயைப் பூட்டிக்கொண்டான். அந்த இளைஞன் மூன்று விதமாக விளக்கினான். இவன் கதவைத் திறந்து காரில் ஏறி உட்கார்ந்துகொண்டான். நான்தான் அந்தப் பிள்ளையிடம், "சோரி தம்பி, பெரியவருக்கு உடம்பு சரியில்ல," என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டாவது, செனாய் ரோட்டில் ஒரு சீனர் தனியாக நடத்தும், பள்ளம் தட்டி நிமிர்த்தும் நாக்கிங் கடை. என் வேனை அங்கேதான் விடுவேன். கை சுத்தம், பேச்சு குறைவு. ஜெயபாலனுக்கு ஏற்ற ஆள் என்று நினைத்தேன். அவர் ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவின் மேல் வைத்தார். மேல்பாதியில் ஒட்டியது. கீழே கொண்டு வந்தார், வழுக்கி விழுந்தது. இன்னொரு தடவை வைத்தார், மறுபடி விழுந்தது. தகட்டுக்கு மேல் பட்டி கனமாக இருந்தால் காந்தம் பிடிக்காது.

"அங்கிள், டூலு சுடா கெனா லா," என்றார். முன்னாலேயே அடி வாங்கியிருக்கிறது என்று அர்த்தம். பிறகு கதவைத் தடவிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். செய்தவன் நல்ல வேலைக்காரன், காந்தம் இல்லாவிட்டால் எனக்கே தெரிந்திருக்காது என்று மலாயில் சொன்னார்.

ஜெயபாலன் அந்தக் காந்தத்தை வாங்கி தானே வைத்துப் பார்த்தான். விழுந்தது. வலது பக்கத்துக் கதவில் வைத்தான், ஒட்டிக்கொண்டது. திரும்ப இடது கதவுக்கு வந்தான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. ஞாயிறு தவறாமல் அவன் உள்ளங்கை போய் வந்த கதவு அது.

"கம்பெனியிலிருந்தே அப்படி வந்திருக்கும்," என்றான் காரில் ஏறியதும். "ஷோரூம்காரன் ஏமாத்திட்டான்."

"இருக்கும், இருக்கும்," என்றேன். இல்லை என்று சொன்னால் அடுத்த ஏழு மாதத்துக்கு யார் விரலைப் பார்த்துக்கொண்டிருப்பது?

மூன்றாவது கடை செடெனாக்கில். செல்லப்பன் என்று நம் ஆள் ஒருவர். அவரிடம் பட்டி, காந்தம் எதையும் பேச வேண்டாம் என்று முன்கூட்டியே போனில் சொல்லி வைத்திருந்தேன். அவரும் பேசவில்லை. கண்ணாடியை இறக்கி ஏற்றிப் பார்த்தார், சிக்கியது. "உள்ளே ஏதோ வளைஞ்சிருக்கு, தொறந்து பார்த்துடலாம்," என்று கதவின் உள்பக்க அட்டையின் ஆணிகளைக் கழற்றி, அட்டையை உருவிச் சுவரில் சாய்த்து வைத்தார். அதன் பின்பக்கம் எங்களைப் பார்த்து நின்றது.

கறுப்பு மார்க்கரில் எழுதியிருந்தது. கடைகளில் இப்படி எழுதுவார்கள். நாலு காரின் அட்டைகள் ஒரே இடத்தில் கிடக்கும்போது மாறிப்போகாமல் இருக்க, வண்டி கொண்டு வந்தவர் பெயரைப் பின்னால் எழுதிவிடுவார்கள். இதில் ஆங்கில எழுத்தில் வெள்ளையம்மா என்று இருந்தது. கீழே, வியாழக்கிழமை முடிக்கணும் என்று மலாயில். இரண்டாயிரத்துப் பதினாலு, மே மாதம். அதற்கும் கீழே பெக்கான் நானாஸ் என்று போட்டு ஒரு போன் நம்பர்.

ஜெயபாலன் அந்த எழுத்துக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தான். அதைத் தொடவில்லை. "அந்த வாரம் நான் ஷா ஆலம்ல இருந்தேன்," என்றான். "கம்பெனி கோர்ஸ். ஞாயித்துக்கிழமை போய் சனிக்கிழமை வந்தேன்."

செல்லப்பன் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். அட்டையைத் திரும்ப மாட்டச் சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

வழியில் அவன்தான் பேசினான். அது எனக்குப் பயமாகவே இருந்தது.

"பாய், இருபத்தெட்டு வருஷத்துல அவ எங்கிட்ட ஒண்ணை மறைச்சதில்ல. காய்கறிக்காரன் பாக்கிச் சில்லறை அதிகமா குடுத்துட்டான்னா அதைக் கூட வந்து சொல்லுவா. இதை ஏன் மறைச்சா?"

"பயந்திருப்பாங்க."

"என்ன பயம்? நான் அடிக்கிறவனா? ஒரு நாள் திட்டியிருக்கேனா? ஒரு கடுஞ்சொல் சொல்லியிருக்கேனா, சொல்லு."

சொல்லவில்லைதான். கடுஞ்சொல் என்ன, எந்தச் சொல்லும் சொல்லியிருக்க மாட்டான். அது என் நாக்கின் நுனி வரை வந்தது. ரோட்டைப் பார்த்து ஓட்டு என்று மட்டும் சொன்னேன்.

"அந்த நம்பர்காரனைப் பார்க்கணும் பாய். என்ன சொன்னா, ஏன் மறைச்சான்னு எனக்குத் தெரிஞ்சாகணும். தெரியாம இந்தக் கதவை நான் யார் கையிலயும் குடுக்க மாட்டேன்."

மறுநாளே பெக்கான் நானாஸ் போனோம். ஊருக்குள் நுழையும் இடத்தில் அன்னாசிப்பழக் கடைகள் வரிசையாக இருக்கும். அதைத் தாண்டி உள்ளே போனால் ஜிங்க் தகரக் கூரை போட்ட ஒரு பெயின்ட் ஸ்ப்ரே கடை. வாசலில், பழைய வேனிலிருந்து கழற்றிய ஒரு சீட்டைப் போட்டு வைத்திருந்தார்கள், வந்தவர்கள் உட்கார. கடைக்காரர் பெயர் ஜீவன். நாற்பத்தைந்து வயதிருக்கும். மூக்கில் மாட்டியிருந்த முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு வந்தார். நம்பர் பிளேட்டைப் பார்த்ததும் நின்றார்.

"இது வெள்ளையம்மாக்கா வண்டில்ல?" என்றார். பிறகு ஜெயபாலனைப் பார்த்து, "நீங்க ஜெயபாலண்ணனா? அலமாக், உக்காருங்கண்ணே. அக்கா எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்கா," என்றான் ஜெயபாலன்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. போய் அந்த வேன் சீட்டில் உட்கார்ந்தான்.

அக்கா நன்றாக இருக்கிறார் என்றதும் ஜீவனுக்கு வாய் தாராளமாகிவிட்டது. "இப்ப சொன்னா என்ன, எத்தனை வருஷமாச்சு," என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். வெள்ளையம்மா அன்றைக்கு அன்னாசிப்பழம் வாங்க வந்திருக்கிறாள். கடைப் பந்தலின் இரும்புத் தூண் கண்ணில் படாமல் காரைத் திருப்பியிருக்கிறாள். பழக்கடைக்காரன்தான் கூட்டிக்கொண்டு வந்து இங்கே விட்டிருக்கிறான்.

"மூணு நாள் வேலை அண்ணே. வீட்டுக்குப் போங்கக்கா, முடிஞ்சதும் போன் போடுறேன்னு சொன்னேன். கேட்கலியே. தினமும் ரெண்டு பஸ் மாறி காலையில வந்துடுவாங்க, சாயங்காலம்தான் போவாங்க. நீங்க உக்காந்திருக்கீங்களே, அதே இடம். என்னா பேச்சு தெரியுமா! உங்களுக்கு பாகற்காய் பிடிக்காது, தேத்தண்ணிக்கு சீனி ஆகாது, ஸ்பஞ்சுல கார் கழுவ மாட்டீங்க, எல்லாம் எனக்குத் தெரியும். பாப்பாவுக்கு கணக்குல ஏ கிடைச்சது வரைக்கும் தெரியும். ஏங்க்கா, வீட்ல யார்கிட்டயும் பேச மாட்டீங்களான்னு ஒரு நாள் கேலியா கேட்டேன்."

அவர் சற்றுத் தயங்கினார். அதற்கு மேல் சொல்லலாமா என்று யோசித்திருக்க வேண்டும்.

"சொல்லுங்க," என்றான் ஜெயபாலன்.

"சிரிச்சாங்க. 'இது அவரு பேசுற மாசம் இல்ல தம்பி'ன்னாங்க."

ஜெயபாலன் ஒன்றும் சொல்லவில்லை. இந்தத் தடவை அது பூட்டிக்கொண்ட மௌனமில்லை, எனக்கு வித்தியாசம் தெரியும்.

"போனைப் பக்கத்துல வச்சுக்கிட்டே இருப்பாங்கண்ணே. ஊருக்குப் போன மனுசன் ஒரு தடவையாச்சும் கூப்பிடுவாருன்னு. முதல் நாளே எங்கிட்ட சொல்லிட்டாங்க. 'அவரு கூப்பிட்டா நானே காரை இடிச்சதைச் சொல்லிடுவேன். அப்ப நீ சும்மா சாதாரணமா செஞ்சு குடு. கூப்பிடலைன்னா, அவரு கையால தடவினாக் கூட தெரியக்கூடாது, அப்படி செஞ்சு குடு'ன்னு." ஜீவன் கதவின் கீழ்ப்பாதியைத் தட்டினார். "அதான் இப்படி செஞ்சேன். கடை தொறந்த புதுசு எனக்கு. இவ்வளவு நல்லா அதுக்கு முன்னாடி நான் ஒரு கதவும் செஞ்சதில்ல."

உள்ளே கம்ப்ரஸர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"அந்தத் தடவை எதுக்காகப் பேசாம இருந்தேன்னு எனக்கு ஞாபகம் இல்ல பாய்," என்றான் ஜெயபாலன் என்னிடம். "யோசிச்சு யோசிச்சுப் பார்க்கிறேன். சத்தியமா ஞாபகம் இல்ல."

காரை அங்கேயே விட்டான். இன்சூரன்ஸ் வேண்டாம், ஃபாரம் வேண்டாம், என் கைக்காசில் செய்துகொள்கிறேன் என்றான். பழைய பட்டியை முழுவதும் தேய்த்து எடுத்தால்தான் புதுப் பள்ளத்தை நிமிர்த்த முடியும், அதுவும் மூன்று நாள் ஆகும் என்றார் ஜீவன். "எடுக்கணுமா?" என்று ஒரு தடவை கேட்டான். எடுக்காமல் முடியாது என்றதும் தலையை ஆட்டினான்.

நான் அவனைக் காரில்லாத ஆளாக பஸ் பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்தேன். கார் வரும்வரை சாப்பாடு, டிவி, தூக்கம் என்று கிடப்பான் என்று நினைத்தேன். மறுநாள் காலை கடைக்கு வரவில்லை. மத்தியானமும் வரவில்லை. போன் போட்டால் பெக்கான் நானாஸில் இருக்கிறேன் என்கிறான். இரண்டு பஸ் மாறிப் போயிருக்கிறான். அந்த வேன் சீட்டில் உட்கார்ந்திருக்கிறான். அடுத்த நாளும் அப்படித்தான். பழைய பட்டியைத் தேய்த்தபோது தூசி வெள்ளையாகப் பறந்ததாம், தள்ளி உட்காரச் சொல்லியும் நகரவில்லை என்று ஜீவன் பிறகு என்னிடம் சொன்னார்.

மூன்றாம் நாள் நானும் போனேன். எனக்கு எதையும் பார்க்காமல் இருக்க முடியாது, அது என் சுபாவம். மத்தியானம் மூன்று மணி இருக்கும். கதவு புதுசாக வெயிலில் பளபளத்தது. ஜீவன் மெழுகு போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். ஜெயபாலன் சீட்டில் இருந்தான். பக்கத்தில், ஒரு ஆள் உட்காரும் இடத்தில், அவன் போன் இருந்தது.

"யார் கூப்பிடுறாங்கன்னு பார்த்துக்கிட்டு இருக்க?" என்றேன்.

"யாரும் கூப்பிட மாட்டாங்க பாய். நான்தான் கூப்பிடணும். மூணு நாளா எடுக்கிறேன், வைக்கிறேன்."

ஜீவன் துணியை உதறிக்கொண்டு வந்தார். "முடிஞ்சிருச்சுண்ணே. உள் அட்டையை இன்னும் மாட்டல. பின்னால உங்க பேரை எழுதட்டுமா?"

"அவ பேரை அழிக்காதீங்க. அதுக்குக் கீழே எழுதுங்க."

"அழிப்பேனா?" ஜீவன் சிரித்தார். "அடுத்த தடவை அக்காவையும் கூட்டிட்டு வாங்கண்ணே. கதவு எப்படி இருக்குன்னு அவங்கதான் சொல்லணும்."

ஜெயபாலன் எழுந்து நின்றான். "அவ இல்ல ஜீவன். மூணு வருஷம் ஆச்சு. அன்னிக்கே சொல்லியிருக்கணும். நீங்க அவளை அப்படி விசாரிச்சதும்... இருக்கான்னு ஒரு தடவை சொல்லிப் பார்க்கணும்னு தோணுச்சு."

ஜீவன் கையிலிருந்த துணியை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். பிறகு வேன் சீட்டின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டார். மூன்று நாள் பழகியவளுக்காக அந்த மனிதர் அழுதது எனக்கு வெட்கமாகக் கூட இருந்தது. அவள் என் கடைக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறாள். மீ கோரேங் கட்டிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் அடுத்த மேசைக்குப் போயிருக்கிறேன்.

"போடுய்யா போனை," என்றேன். கோபமாகவே சொன்னேன். யார் மேல் கோபம் என்று தெரியவில்லை. "காரும் முடிஞ்சிருச்சு. இன்னும் எத்தனை நாள் இந்த சீட்டைத் தேய்ப்ப?"

அவன் போனை எடுத்தான். காது மந்தமானதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவான். நாலு தடவை மணி அடித்தது.

"அப்பா?" என்றாள் லோஷினி. நம்ப முடியாத குரல்.

உதட்டை ஈரமாக்கிக்கொண்டான். ஐந்து மாதத்துப் பூட்டு, சும்மா திறக்குமா?

"லோஷினி," என்றான். "காரு இடிச்சிருச்சும்மா."

"ஐயோ, உங்களுக்கு அடி பட்டுச்சாப்பா? எங்க இருக்கீங்க? வலி எங்கயாச்சும் இருக்கா?"

எந்தக் கார், எந்தக் கதவு, யார் தப்பு என்று ஒரு வார்த்தை அவள் கேட்கவில்லை. ஜெயபாலன் போனைக் கையில் பிடித்தபடியே மெல்ல ஜீவன் பக்கம் திரும்பினான்.

"தம்பி, அன்னிக்கு அவளுக்கு அடி ஏதாச்சும் பட்டுச்சா?"

ஜீவன் நிமிர்ந்து பார்த்தார். "வலது மணிக்கட்டு வீங்கியிருந்துச்சுண்ணே. பிரேக் போட்டப்ப ஸ்டியரிங்ல இடிச்சுக்கிட்டாங்க. கிளினிக் போலாம்னேன், வேணாம்னுட்டாங்க. நான்தான் ஐஸ் வாங்கிட்டு வந்து ஒரு துண்டைச் சுத்தி விட்டேன். போறப்பவும் அதைச் சுத்திக்கிட்டுதான் போனாங்க."

"வெள்ளைத் துண்டு," என்றான் ஜெயபாலன். "ஓரத்துல நீலக் கோடு."

"ஆமாண்ணே."

அவன் என்னைப் பார்த்தான். "சனிக்கிழமை நான் வீட்டுக்கு வந்தப்போ அந்தக் கையாலதான் எனக்கு சோறு போட்டா பாய். துண்டு சுத்தியிருந்துச்சு. பார்த்தேன். கேட்கல."

போன் அவன் கையிலேயே இருந்தது.

"அப்பா? அப்பா, லைன்ல இருக்கீங்களா? பேசுங்கப்பா."